முப்பத்தாறாவது நிறம்

சொட்டக்காவுக்கு அன்று கைவசம் இருந்தது நாலே முக்கால் மணி நேரம். அதற்குள் ஒரு மனிதரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். நாலே முக்கால் மணி நேரத்தில் ஒரு வீட்டுக்கே வெள்ளையடித்துவிடலாமே, ஒரு வாக்கியம் சொல்ல முடியாதா என்று கேட்பவர்கள், நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒருவர்மேல் ஆசைப்பட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வந்து பேசட்டும்.

செய்தியைச் சொன்னது தம்பி மனைவி. எந்த விஷயமும் அவள் வாயில் அரைமணி நேரத்துக்கு மேல் தங்காது என்பதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். எதிர்த்தெரு நாடக அரங்கில் டிக்கெட் கொடுக்கிற வேலை. பகல் பன்னிரண்டே காலுக்கு, சொட்டக்கா வேலை பார்க்கிற தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கே போன் போட்டுவிட்டாள்.

“அண்ணி, உக்காந்திருக்கீங்களா?”

“நின்னுட்டிருக்கேன். கையில பாட்டில் இருக்கு. சொல்லு.”

“பாட்டிலை முதல்ல கீழ வைங்க. நாளையோட நாடகம் முடியுது. நாளன்னிக்கு நாடகக்காரங்க மூட்டை கட்டறாங்க. நம்ம விளக்குக்காரரும்தான்.”

“தெரிஞ்ச விஷயம்தானே.”

“தெரியாதது ஒண்ணு இருக்கு. எங்க மேனேஜர் அவரை இங்கயே இருந்துடுங்க, அரங்கத்து விளக்கு வேலையை நீங்களே பாருங்கன்னு கேட்டு ஒரு வாரம் ஆச்சாம். அவரு யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு இழுத்துட்டே இருக்காரு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லணும். இல்லேன்னா அஞ்சே காலுக்கு வேற ஆளு.”

“அவரு யோசிக்கிறதுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

“அந்த மனுஷன் எதுக்கு யோசிக்கிறாருன்னு அரங்கத்துல பெருக்கற அம்மாவுக்குக்கூடத் தெரியுது. உங்களுக்குத் தெரியலையா? போய் வாயைத் தொறந்து இருங்கன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். வச்சிடறேன், கவுன்ட்டர்ல கூட்டம்.”

சொட்டக்கா போனை வைத்தாள். வைத்த பிறகுதான், கையிலிருந்த பாட்டிலில் ‘குளம்’ என்று எழுதுவதற்குப் பதிலாக ‘குலம்’ என்று எழுதியிருப்பதைக் கவனித்தாள். ஒரு மாதமாக இப்படித்தான். முந்தாநாள் ஒரு பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியின் மாதிரிக்குத் தன் பிறந்த தேதியைப் போட்டிருந்தாள்.

சொட்டக்கா என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. அவளாகச் சம்பாதித்த பெயர். யார் வீட்டுக்குப் போனாலும், பூ ஜாடியில், மீன் தொட்டியில், மாடியில் தேங்கிய மழைநீரில், “ஒரு சொட்டு எடுத்துக்கட்டுமா?” என்று கேட்பாள். கைப்பையில் பணம் இருக்கிறதோ இல்லையோ, மூடி போட்ட சின்னக் குப்பி நாலு இருக்கும். இருபத்திரண்டு வருடமாகக் கூடத்தில் மைக்ராஸ்கோப் மேசை அவளுடையது. ஊர் குடிக்கிற தண்ணீரில் என்ன நீந்துகிறது என்று பார்த்து எழுதுவது வேலை. மதிய இடைவேளையில் அவற்றையே படம் பிடிப்பது பைத்தியம். பைத்தியம் என்பது தம்பி சொன்ன வார்த்தை. அவளுக்கு அதில் ஆட்சேபணை எதுவும் இருக்கவில்லை.

கல்யாணமா? அந்தப் பேச்சை யாராவது எடுத்தால், “எனக்கு ஒரு சொட்டுக்குள்ளயே நூறு குடும்பம் இருக்கு” என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். இருபது வருடம் ஒரே பதிலைச் சொன்னவள், இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு வேறு பதில் சொல்வது? ஆசையைவிட வெட்கம் கனமாக இருந்தது. அதுதான் சங்கடம்.

இதெல்லாம் ஆரம்பித்தது ஒரு நாணயத்தில்.

நீரில் வாழ்கிற நுண்ணுயிர்களில் பாதிக்கு உடம்பில் நிறமே கிடையாது. சாதாரணமாகக் கீழிருந்து வெளிச்சம் போட்டுப் படமெடுத்தால், தம்ளர் தண்ணீரில் விழுந்த கண்ணாடிச் சில்லைத் தேடுகிற கதைதான். அவளுடைய படங்களைப் பார்த்துத் தம்பி, “எச்சில் பண்ணின கண்ணாடி மாதிரி இருக்கு” என்றான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பழைய கையேடு ஒன்றைத் தூசி தட்டிப் படித்தாள். நடு வெளிச்சத்தை மறைத்துவிடு, ஓரத்து வெளிச்சத்தை மட்டும் சாய்வாக விடு, பின்னணி இருட்டாகி உயிர் மட்டும் ஒளிரும் என்று போட்டிருந்தது.

கேட்பதற்குச் சுலபம். ஸ்லைடுக்குக் கீழே, வெளிச்சத்தைக் குவிக்கிற கண்டன்சர் லென்ஸ் இருக்கிறது. அதற்கும் அடியில் ஃபில்டர் வைக்க ஒரு வளையம். அந்த வளையத்தில் ஒரு கண்ணாடி வட்டத்தை வைத்து, அதன் நடுவில் கருப்பாக எதையாவது ஒட்ட வேண்டும். முதலில் தம்பியின் சட்டைப் பொத்தானை ஒட்டினாள். பொத்தானின் நாலு ஓட்டை வழியாக வெளிச்சம் வந்து கெடுத்தது. பாட்டில் மூடி பெரிதாகிப் போய் எல்லாமே இருண்டது. கடைசியில் ஒரு சின்ன நாணயம் அளவாகப் பொருந்தியது. கண்ணை வைத்தாள். கரிய பின்னணியில், நேற்றுவரை அழுக்காகத் தெரிந்தவை எல்லாம் வெள்ளிக் கம்பியில் செய்தது போல ஒளிர்ந்துகொண்டு ஓடின. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் ரசாயனம் கலக்கிக்கொண்டிருந்தவர் பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்து மருந்துப் பெட்டியோடு ஓடி வந்தார்.

ருசி கண்டபின் மனசு சும்மா இருக்குமா? கையேட்டின் அடுத்த பக்கத்தில் நிறம் இருந்தது. நடுவில் கருப்புக்குப் பதிலாக ஒரு நிற வட்டம், அதைச் சுற்றி வளையமாக இன்னொரு நிறம். அப்படி வைத்தால் பின்னணி நடு நிறத்திலும் உயிர் வளையத்தின் நிறத்திலும் தெரியும். நீலத்தில் பொன், பச்சையில் சிவப்பு, எது வேண்டுமோ அது. மிட்டாய் சுற்றிய தாளை வைத்துப் பார்த்தாள். சுருக்கம் சுருக்கமாக வந்தது. பரிசுப்பொருள் சுற்றுகிற தாள் கீறலாக வந்தது. “எங்க அரங்கத்துல விளக்குக்கு முன்னாடி கலர் கலரா வைப்பாங்களே, அது ஆகாதா?” என்று கேட்டவள் ரேடியோ. அவள் சும்மா பேசுகிற ஆயிரத்தில் ஒன்று இப்படிப் பலித்துவிடும்.

சொட்டக்கா அரங்கத்துக்குப் போனபோது விளக்குக்காரர் ஏணி உச்சியில் இருந்தார். காதுக்குப் பின்னால் பென்சில் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். இந்த மனிதர் திருப்புளி செருகியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். சூடான விளக்குகளைத் தொட்டுத் தொட்டு விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன.

“எனக்குக் கொஞ்சம் கலர் தாள் வேணும்,” என்றாள் கீழிருந்து.

“எவ்வளவு வேணும்?”

“கட்டைவிரல் நகம் அளவுக்கு.”

அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். முப்பது வருடத்தில் அவரிடம் யாரும் அந்த அளவில் கேட்டதில்லை. எதற்கு என்று கேட்டார். அவள் சொன்னாள். நாணயம், வளையம், சாய்ந்த வெளிச்சம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, “நடன நிகழ்ச்சிக்கு நாங்களும் இப்படித்தான் பண்றோம். நேரா அடிச்சா ஆள் தட்டையாயிடும். பக்கவாட்டுல அடிச்சாத்தான் உடம்பு தெரியும்” என்றார்.

சொட்டக்காவுக்கு உள்ளே ஏதோ ஒன்று தொம் என்று விழுந்தது. அவள் வேலையை ஒரே தடவையில் புரிந்துகொண்ட முதல் மனிதர் இவர்.

அவரிடம் ஒரு மாதிரிப் புத்தகம் இருந்தது. நிறத்தாள் விற்பவர்கள் கொடுப்பது. உள்ளங்கை நீளம், இரண்டு விரல் அகலம், முப்பத்தாறு நிறம். அதிலிருந்து ஒரு மஞ்சளைக் கிழித்துக் கொடுத்தார். “வேற நிறம் வேணும்னா நாளைக்கு வாங்க” என்றார். புத்தகத்தையே தூக்கிக் கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று பாருங்கள்.

அப்புறம் தினமும் ஒரு நிறம். மதியச் சாப்பாட்டை நாலு நிமிடத்தில் முடித்துவிட்டுத் தெருவைக் கடப்பாள். காதல் வந்தால் பசி போய்விடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ. அவளுக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பசித்தது, மெல்லத்தான் நேரமில்லை. ஒருநாள் ஆரஞ்சு, மறுநாள் ஊதா. கிடைத்ததை வெட்டி, வட்டமும் வளையமுமாக ஒட்டி, படமெடுத்து, அடுத்த நாள் படத்தோடு போய் நிற்பாள். வெளிர்நீலத்தை நடுவில் வைத்த படத்தில் உயிரே தெரியாமல் வெளுத்துப் போனபோது, அவர் ஒரே பார்வையில் காரணத்தைச் சொன்னார். “நடுவுல வர்றது நேர் வெளிச்சம், அதுக்கு பலம் ஜாஸ்தி. அங்க அடர்த்தியான நிறம் போடுங்க, ரெண்டு தாளாக்கூட வைங்க. வெளிர் நிறத்தை ஓரத்துக்குக் குடுங்க.” அப்படியே செய்தாள். நீர்த்தெள்ளு ஒன்று ரோஜா நிறத்தில், வயிற்றுக்குள் முட்டைகள் உட்பட, ஆழ்ந்த பச்சையில் மிதந்தது. அந்தப் படத்தை அவர் இரண்டு கையாலும் வாங்கினார். கூண்டுபோல இருந்த தன் விளக்கு அறையின் சுவரில், வயர்களுக்கு நடுவே ஒட்டினார். நாலு வாரத்தில் அந்தச் சுவரில் வயர் தெரியவில்லை.

கூடத்தில் அவள் பாட்டு முணுமுணுத்தாள். சுருதி சேராது, ஆனால் நிறுத்தவும் மாட்டாள். வீட்டில் ரேடியோ, “அண்ணி, இன்னிக்கு என்ன கலர்?” என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். “மனைவி போய் எட்டு வருஷம் ஆச்சாம். பிள்ளை குட்டி இல்லை. குறட்டை விடுவாராம், நடிகருங்க சொன்னாங்க” என்று தகவல் வேறு. நாத்தனார் கல்யாணத்துக்கு இந்த அளவுக்கு உளவு பார்த்த தம்பி மனைவி உலகத்தில் இருக்க மாட்டாள்.

இவ்வளவு நடந்தும் பேச்சு மட்டும் நிறத்தைத் தாண்டி ஒரு அடி நகரவில்லை. நேற்று முப்பத்தைந்தாவது தாளைக் கொடுத்துவிட்டு அவர், “அவ்வளவுதான், புத்தகம் தீர்ந்துடுச்சு” என்றார். அவள், “ரொம்ப நன்றி” என்றாள். நன்றியாம்! தெருவைக் கடந்து வரும்போதே தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

இன்று ரேடியோவின் போனுக்குப் பிறகு சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவே இல்லை. பன்னிரண்டரைக்குத் தெருவில் இருந்தாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழிநெடுகச் சொல்லிப் பார்த்தாள். ‘நீங்க இங்கயே இருந்துடுங்க.’ மூன்றே சொல். அரங்கத்துக் கதவைத் தள்ளும்வரை சரியாக வந்தது. உள்ளே அவர் திரும்பிப் பார்த்ததும் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது.

“கலர்… கலர் ஏதாவது இருக்கா?” என்றாள்.

அட, தீர்ந்துபோனது என்று நேற்றுத்தானே சொன்னார்! அசடு வழிய நின்றாள். அவர் சிரிக்கவில்லை. காது சிவக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டு, ஒரு தாளை எடுத்தார். நீலம். இவ்வளவு அடர்த்தியான நீலத்தை அவள் பார்த்ததில்லை.

“ஒண்ணை எடுத்து வச்சிருந்தேன்,” என்றார்.

“எதுக்கு?”

“குடுத்துட்டா முடிஞ்சு போயிடுமேன்னு.”

இதைவிட ஒரு மனிதர் எப்படித்தான் சொல்வார்? இந்த இடத்தில் யாராக இருந்தாலும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். சொட்டக்காவோ தாளை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, “நடு வட்டத்துக்குப் பிரமாதமா இருக்கும்” என்றாள். பிறகு, தான் என்ன சொன்னோம் என்பது உறைக்க, பதறிப் போய், “நீங்க வந்து பாருங்களேன். படம் இல்ல, நிஜமா. உயிரோட. லேபுக்கு” என்று உளறிக் கொட்டினாள்.

“ரெண்டரைக்கு ஆட்டம் இருக்கு. முடிய நாலாகும்.”

“நாலு மணிக்கு வாங்க.”

“அஞ்சு மணிக்கு மேனேஜரைப் பாக்கணும்.”

“தெரியும்,” என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேடையில் யாரோ ஒரு மர அரியணையைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்தும் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தாள். அன்றைய எட்டு மாதிரியைப் பார்த்து எழுதினாள். மூன்று தடவை சரிபார்த்தாள், ஊரின் வயிறு தன் காதலால் கெட்டுவிடக் கூடாதே என்று. பிறகு நீலத்தை வட்டமாக வெட்டினாள். சுற்றிலும் பொன்மஞ்சள் வளையம். ஸ்லைடை ஏழு தடவை துடைத்தாள், ஏனென்றால் இருட்டுப் பின்னணியில் ஒரு துளித் தூசி விழுந்தாலும் நட்சத்திரமாகப் பல்லிளிக்கும். குப்பிகளில் தேடித் தேடி ஒரு சக்கர உயிரியைப் பிடித்தாள். தலையில் மயிர்க் கிரீடம் இரண்டு சக்கரமாகச் சுழலுமே, அது. ஓடிவிடாமல் இருக்கப் பஞ்சு இழைகளைப் பிரித்துப் போட்டு அதற்கு ஒரு வேலி கட்டினாள்.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு அவர் வந்தார். முகம் கழுவி, தலை சீவி, திருப்புளியை மட்டும் காதிலிருந்து எடுக்க மறந்து வந்திருந்தார். வெளியாள் உள்ளே வந்தால் கோட்டுப் போட வேண்டும். இருந்த ஒரே கோட்டு அவருக்கு முழங்கைவரைதான் வந்தது.

“இங்க கண்ணை வைங்க. இமை முட்டக்கூடாது. ரெண்டு கண்ணையும் தொறந்தே வச்சுக்குங்க.”

அவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. முதுகு மட்டும் மெதுவாக அசைந்தது. பிடிக்கவில்லையோ, ஒன்றும் தெரியவில்லையோ, தூசி ஏதாவது விழுந்துவிட்டதோ என்று அவள் தவித்தாள்.

“சுத்துது,” என்றார் கடைசியில், குழந்தை மாதிரி. “தலையில ஏதோ சுத்துது. பொன்னு. அந்த நீலத்துல… இவ்வளவு நாளா இந்த நீலத்தை நான் ராஜா சாகற காட்சிக்கு மட்டும்தான் போட்டுட்டிருந்தேன்.” நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. “இதுக்கு இப்படி ஒரு விளக்கு போட யாருக்கு மனசு வரும்? யாரும் பாக்காத ஒரு ஜீவனுக்கு.”

சொட்டக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது சொல்லிவிட வேண்டும், இதோ, மூன்று சொல். ஆனால் வாய் திறந்தபோது வந்தது, “கிரீடத்தைக் கிட்டத்துல காட்டறேன் இருங்க” என்பதுதான்.

நாற்பது மடங்கு லென்ஸைத் திருப்பினாள். அந்த லென்ஸில் இந்த இருட்டு நிற்காது, எல்லாம் வெளுத்துப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். அது ஸ்லைடுக்கு மயிரிழை தூரத்தில் வந்து நிற்கும், ஆகவே பெரிய திருகைத் தொடவே கூடாது என்பதும் தெரியும். தொட்டே ஆக வேண்டுமானால் கண்ணைப் பக்கவாட்டில், லென்ஸ் நுனியில் வைத்துக்கொண்டு திருக வேண்டும். இதைப் பயிற்சிக்கு வந்த எத்தனை பேருக்கு அவளே தொண்டை வறளச் சொல்லியிருக்கிறாள்! சொன்னவள் இப்போது பெரிய திருகைப் பிடித்தாள். கண்ணை லென்ஸிலும் வைக்கவில்லை, ஸ்லைடிலும் வைக்கவில்லை. அவர் முகத்தில் வைத்தாள். திருகினாள்.

நறுக்.

சின்னச் சத்தம்தான். ஆனால் பரிசோதனைக் கூடத்தில் அந்தச் சத்தம் தெரியாத ஆள் கிடையாது. ஸ்லைடின் மேல் போடுகிற மெல்லிய மூடுகண்ணாடி லென்ஸில் நசுங்கி உடைகிற சத்தம். அடுத்த அறையில் நாற்காலி நகர்ந்தது. தலைமை ஆய்வாளர் அம்மா வாசலில் வந்து நின்றார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை.

“யாரு?” என்றார்.

“நான்தான், மேடம்.”

“நீயா?” அவர் ஒருகணம் நம்பாமல் பார்த்தார். பிறகு லென்ஸைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “லென்ஸுக்கு ஒண்ணும் ஆகலை. உன் நல்ல நேரம். எழுது.”

அந்தக் கூடத்தில் எது உடைந்தாலும் உடைவுப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். மற்ற இடங்களிலும் எழுதுவார்கள். இங்கே மட்டும் தலைமை அம்மா வைத்த ஒரு சட்டம் உண்டு. காரணம் என்ற கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார். கவனம் குறையாது, இன்னொரு இடத்துக்குப் போயிருக்கும், எங்கே போனது என்று எழுது என்பார். அந்தக் கட்டத்தில் உள்ளதைத்தான் எழுத வேண்டும். பக்கம் பக்கமாக ‘பல்வலி’, ‘வெளியே நாய் குரைத்தது’, ‘அப்பாவுக்கு ஆபரேஷன்’, ‘புதுச் செருப்பு’ என்று ஊரார் கவனமெல்லாம் போன இடங்கள் அதில் வரிசையாக இருந்தன. சொட்டக்கா பெயரில் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வரி இல்லை.

பதிவேடு மேசைமேல் விரிந்தது. தேதி எழுதினாள். உடைந்த பொருள், மூடுகண்ணாடி ஒன்று. உடைத்தவர், நான். காரணம் என்ற கட்டத்தின்மேல் பேனா நின்றது.

“இது அவ்வளவு பெரிய தப்பா?” என்று விளக்குக்காரர் மெல்லக் கேட்டார். அரைக்கை கோட்டில், உடைந்ததற்குத் தானும் பொறுப்பு என்பது போல நின்றுகொண்டிருந்தார்.

பேசாதீர்கள் என்று அவருக்கு ஒரு கையைக் காட்டினாள். பொய் எழுதலாமா? பசி என்று எழுதலாம், மதியம் சாப்பிடவில்லைதான், பாதி உண்மை. சுவரில் மணி நாலு நாற்பது. வாயால் முடியாததைக் கையால் செய்ய எத்தனை நொடி ஆகும்? சொட்டக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே, எழுத்துக் கோணலாகப் போக, எழுதி முடித்துப் பதிவேட்டைத் தலைமை அம்மா பக்கம் தள்ளினாள்.

தலைமை அம்மா எதையும் உரக்கப் படித்துச் சரிபார்ப்பவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தண்ணீர் அறிக்கை படிக்கிற அதே குரலில் படித்தார்.

“காரணம். கவனம் பக்கத்தில் நின்றவர்மேல் போய்விட்டது. ஒரு மாதமாகவே அங்கேதான் இருக்கிறது. அவர் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தால் திரும்பி வர வாய்ப்புண்டு.”

படித்து முடித்த பிறகும் அவர் கண்ணாடியை இறக்கவில்லை. பக்கத்து அறையில் ரசாயனக்காரர் எதையோ கீழே போட்டார். சொட்டக்கா தலையை நிமிர்த்தினால்தானே? மேசையின் கீறல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“சாட்சி கையெழுத்து வேணும்,” என்றார் தலைமை அம்மா. “உடைஞ்சப்போ கூட இருந்தது நீங்கதானே? இங்க கையெழுத்து, அதுக்குப் பக்கத்துல நிரந்தர முகவரி.”

விளக்குக்காரர் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். முகவரிக் கட்டத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு எதிர்த்தெருவின் பெயரையும் அரங்கத்தின் கதவு எண்ணையும் எழுதினார்.

தலைமை அம்மா எட்டிப் பார்த்தார். “நாடகக்காரங்க தங்கற இடம் இல்லையா இது? நிரந்தர முகவரின்னு கேட்டேன்.”

“ஆமா மேடம்,” என்றார் அவர். தலைமை அம்மாவுக்குச் சொன்னாரே தவிர, பார்த்தது சொட்டக்காவை. “அதான் எழுதியிருக்கேன்.”

“பதிவேட்டுல எழுதினதைத் திருத்தக் கூடாது. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“சரி,” என்று தலைமை அம்மா பதிவேட்டை மூடினார். மூடும்போது அவர் உதட்டோரம் ஏதோ நடந்தது. அது சிரிப்பு என்று ரசாயனக்காரர் இன்றுவரை சத்தியம் பண்ணுகிறார்.

“நீங்க இங்கயே இருந்துடுங்க,” என்றாள் சொட்டக்கா. எழுதிக் கொடுத்த பிறகு, முகவரி போட்ட பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, அந்த மூன்று சொல்லும் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்து விழுந்தன.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்து நிறுத்தியபோது மணி நாலு ஐம்பத்து நாலு. மேனேஜர் அறை எதிர்த்தெருவில், அரங்கத்தின் மாடியில். நடந்தால் எட்டு நிமிடம் ஆகும். அவள் அவர் கையை, காய்த்துப் போன அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, இருபத்திரண்டு வருடம் பொறுமையாக உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தாள்.

“கோட்டைக் கழட்டி வச்சுட்டுப் போங்க!” என்று பின்னாலிருந்து தலைமை அம்மா கத்தினார். அவர்கள் காதில் விழவில்லை.